பாலையிலும் மழைக்காட்டிலும் ஒரே விலங்கு: கழுத்துப்பட்டைப் பெக்கரியின் உயிரியலும் வாழிடமும்

அரிசோனாவின் டூசான் நகரைச் சூழ்ந்த சொனோரன் பாலைவனத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெருவின் இக்கிட்டோஸ் நகரை ஒட்டிய அமேசான் காட்டில் பெய்வது அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். முன்னது கள்ளியும் முள்மரமும் வளரும் வறண்ட நிலம். பின்னது பனை வகை மரங்களும் சேற்றுக் குட்டைகளும் நிறைந்த இருண்ட காடு. இந்த இரண்டு இடங்களிலும் கூட்டமாக மேயும் ஒரு குளம்பு விலங்கு உண்டு. 15 முதல் 30 கிலோ வரை எடை, அரை மீட்டருக்கு மிகாத தோள் உயரம், சாம்பலும் கறுப்பும் கலந்த முரட்டு ரோமம், தோளைச் சுற்றி வெளிறிய மயிர்ப் பட்டை. அந்தப் பட்டையால்தான் அதைக் கழுத்துப்பட்டைப் பெக்கரி என்கிறோம்.

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் அது 'ஹாவலீனா', பெருவில் 'சஹீனோ', பிரேசிலில் 'கைட்டிட்டு', டிரினிடாட் தீவில் 'குவெங்க்'. அரிசோனா, நியூ மெக்ஸிகோ, டெக்சஸ் தொடங்கி மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா வழியாக அர்ஜென்டினாவின் வடபகுதி வரை அதன் நிலம் பரவியிருக்கிறது. பெக்கரிக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் மூன்று இனங்களில் மற்ற இரண்டுக்கும் இவ்வளவு பரந்த நிலம் வாய்க்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. உடற்கூறு, உணவு, கூட்ட வாழ்க்கை, இனப்பெருக்கம், வேட்டை வரலாறு ஆகிய ஐந்து பக்கங்களிலிருந்தும் பார்த்தால் விடை ஒரே திசையில்தான் வந்து சேர்கிறது. எதிலும் உச்சத்துக்குப் போகாமல் எல்லாவற்றிலும் நடுவில் நிற்பதே இவ்விலங்கின் பலம். அந்தப் பலத்துக்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது.

பன்றிக்குத் தூரத்து உறவு

பெக்கரியைப் பார்த்த எவரும் அதைப் பன்றி என்றுதான் சொல்வார்கள். லின்னேயசும் 1758இல் அதைப் பன்றிப் பேரினத்திலேயே சேர்த்தார். வட்டமான மூக்கு நுனி, குட்டைக் கால்கள், பெரிய தலை எல்லாம் அப்படி எண்ணத் தூண்டும். ஆனால் பன்றிக் குடும்பமும் பெக்கரிக் குடும்பமும் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை.

நம் காட்டுப்பன்றியோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் தெளிவாகும். காட்டுப்பன்றிக்கு 44 பற்கள்; பெக்கரிக்கு 38. காட்டுப்பன்றியின் மேல் கோரைப்பல் வெளிப்பக்கமாக வளைந்து மேல்நோக்கி வளரும். பெக்கரியுடையது நேராகக் கீழ்நோக்கி இறங்கும். கீழ்க் கோரையோடு உரசி உரசித் தானே கூர்மையாகும். காட்டுப்பன்றிக்கு ஒவ்வொரு காலிலும் நான்கு விரல்கள். பெக்கரிக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் மூன்று. பெக்கரிக்குப் பித்தப்பை கிடையாது. வால் பெயருக்கு மட்டும் உண்டு.

எல்லாவற்றையும்விட விநோதமானது முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால் உள்ள சுரப்பி. ஐரோப்பியப் பயணிகளில் சிலர் அதைத் தொப்புள் என்று எண்ணி, முதுகில் தொப்புள் கொண்ட பன்றி என்று எழுதி வைத்தார்கள். 1683இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டைசன் ஒரு பெக்கரியை அறுத்துப் பார்த்து, அது வாசனைச் சுரப்பி என்று விளக்கினார். கடும் நெடி வீசும் எண்ணெய் போன்ற திரவம் அதிலிருந்து கசியும். இந்தச் சுரப்பி இல்லாமல் பெக்கரியின் கூட்ட வாழ்க்கையே இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

குடும்பத்தின் பூர்விகம் வட அமெரிக்கா. பனாமா நிலப்பாலம் உருவாகி இரு கண்டங்களும் இணைந்த காலத்தில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெக்கரிகள் தெற்கே இறங்கின. வடக்கில் எஞ்சிய பிளாட்டிகோனஸ், மைலோஹியஸ் போன்ற பெரிய பெக்கரிகள் பனியுகத்தின் முடிவில் அழிந்துபோயின. வெப்ப மண்டலத்தில் தங்கியவற்றின் வழித்தோன்றல்களே இன்றைய மூன்று இனங்கள்: கழுத்துப்பட்டைப் பெக்கரி, வெள்ளையுதட்டுப் பெக்கரி, சாக்கோ பெக்கரி. மூன்றாவதை 1930இல் புதைபடிவமாகத்தான் அறிவியல் அறிந்தது. பராகுவேயின் வறண்ட சாக்கோ காட்டில் அது உயிரோடு இருக்கும் செய்தி 1975இல்தான் வெளியானது.

அரிசோனாவில் கழுத்துப்பட்டைப் பெக்கரி பழங்குடி அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்கத் தென்மேற்கின் தொல்லியல் களங்களில் மான் எலும்பும் முயல் எலும்பும் குவியலாகக் கிடைக்க, பெக்கரி எலும்பு மிக அரிதாகவே அகப்படுகிறது. ஆகவே கடந்த சில நூற்றாண்டுகளில்தான் அது தெற்கிலிருந்து வடக்கே பெருமளவில் பரவியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாலைவனத்தில் நாம் காண்பது வெப்ப மண்டலக் காட்டு விலங்கு ஒன்றின் அண்மைக்காலக் குடியேற்றம். எனவே பாலைவனத்துக்கென்றே தனியாக வார்க்கப்பட்ட உடலை அதனிடம் தேடக் கூடாது.

பாதி வழி வயிறு

பெக்கரியின் வயிறு பன்றியின் எளிய வயிறும் அல்ல, மாட்டின் முழுமையான நான்கறை வயிறும் அல்ல. பை போன்ற அறைகள் கொண்ட முன்வயிற்றில் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. அதன் பிறகே செரிமான நீர் சுரக்கும் பகுதிக்கு உணவு போகிறது. ஆனால் பெக்கரி அசைபோடுவதில்லை. மாட்டைப் போல வைக்கோலில் வாழ முடியாது. ஆனால் காட்டுப்பன்றியால் பயன்படுத்த முடியாத நார் மிகுந்த தண்டுகளையும் கிழங்குகளையும் இதனால் பயன்படுத்த முடியும். பழம், கொட்டை, வேர், இலை, புழு, கிடைத்தால் சிறு பிராணி என எதுவும் விலக்கல்ல.

பாலைவனத்தில் இந்த வயிறு சார்ந்திருப்பது சப்பாத்திக்கள்ளியை. அதன் சதையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீர். கோடையில் உணவும் குடிநீரும் அதுவே. பெக்கரி முள்ளோடு சேர்த்துக் கடித்துத் தின்னும். சில நேரங்களில் மடலைக் குளம்பால் அழுத்திக்கொண்டு தோலை உரித்துச் சதையை மட்டும் எடுக்கும். கள்ளியில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. பல விலங்குகளுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு; முன்வயிற்று நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. ஆனால் கள்ளியில் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று நெடுநாள் காலம் தள்ள முடியாது. எனவே மழை வந்தவுடன் பச்சைப் புல்லுக்கும் பூண்டுகளுக்கும், பருவத்தில் மெஸ்கீட் காய்களுக்கும், மேட்டு நிலங்களில் ஓக் கொட்டைகளுக்கும் கூட்டம் மாறிவிடும்.

இந்தத் தாவரங்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. நம் தரிசு நிலங்களில் காணும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. மெஸ்கீட் என்பது நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. கால்நடை மேய்ச்சலால் புல்வெளி அழிந்து இவ்விரண்டும் பெருகியது அமெரிக்கத் தென்மேற்கிலும் நடந்த கதைதான். பெக்கரி வடக்கே பரவியதற்கு அந்த மாற்றமும் துணை செய்திருக்கலாம்.

வெப்பத்தை அது உடலால் வெல்வதைவிட நடத்தையால் வெல்கிறது. கோடையில் மேய்ச்சல் இரவுக்கும் விடியற்காலைக்கும் போய்விடும். பகல் முழுவதும் ஓடைக்கரைப் புதர்களிலும், பாறைக் குகைகளிலும், கைவிடப்பட்ட சுரங்கங்களிலும்கூடப் படுத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் கணக்கு தலைகீழ்: பகலில் வெயிலில் மேய்ச்சல், இரவில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கை. கம்பளி போன்ற அடிமயிர் இல்லாததால் கடுங்குளிரைத் தாங்கும் திறன் குறைவு. வடக்கே அதன் எல்லையைத் தீர்மானிப்பது பனிப்பொழிவுதான் என்று சொல்லலாம்.

கொட்டைகளும் குட்டைகளும்

மழைக்காட்டில் நீருக்குப் பஞ்சமில்லை. அங்கே போட்டி பழத்துக்கும் கொட்டைக்கும். அமேசான் பனை வகைகளின் கொட்டைகள் கல் போல் கடினமானவை. பெருவில் 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கில்டி செய்த ஆய்வுகள் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டின. உருவில் பெரிய வெள்ளையுதட்டுப் பெக்கரியின் தாடை வலிமை மிகுந்தது; கழுத்துப்பட்டைப் பெக்கரியால் உடைக்க முடியாத கொட்டைகளையும் அது உடைத்துவிடும். இரண்டு இனங்களிலும் நீண்ட கோரைப்பற்கள் மேலும் கீழும் பூட்டிக்கொள்வதால், அழுத்திக் கடிக்கும்போது தாடை பக்கவாட்டில் விலகாமல் நிற்கிறது.

ஆக, கடினக் கொட்டை என்னும் பெருஞ்சொத்து பெரிய உறவினருக்கே. கழுத்துப்பட்டைப் பெக்கரிக்கு மென்மையான கொட்டைகள், சதைப் பழங்கள், வேர்கள். இது தோல்வி போல் தோன்றும். ஆனால் வெள்ளையுதட்டுப் பெக்கரிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பழுக்கும் மரங்களைத் தேடிப் பெருங்காடுகளைக் கடந்து அலைய வேண்டியிருக்கிறது. காடு சுருங்கினால் அவை முதலில் போய்விடும். பரந்த பகுதிகளிலிருந்து அவை ஒட்டுமொத்தமாக மறைந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய பதிவுகளும் உண்டு. சிறு கூட்டமாகச் சிறு நிலத்தில், கிடைத்ததைத் தின்னும் கழுத்துப்பட்டைப் பெக்கரியோ துண்டுபட்ட காட்டிலும் தங்கிவிடுகிறது.

பிரேசிலின் பந்தனால் ஈரநிலத்தில் இவ்விரு பெக்கரிகளோடு, ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிய பன்றிகளும் வாழ்கின்றன. வந்தேறிப் பன்றி சொந்த மண்ணின் விலங்குகளை விரட்டிவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு படத்தைத் தந்தது: வாழிடத்திலும் உணவிலும் அதிக ஒற்றுமை இரண்டு பெக்கரிகளுக்கு இடையேதான், பன்றி சற்று விலகியே வாழ்கிறது. இது பந்தனாலுக்குப் பொருந்தும் முடிவு. வறண்ட டெக்சஸுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

காட்டுக்குப் பெக்கரிகள் திருப்பித் தருவதும் உண்டு. விதைகளை மென்று அழிப்பதால் எந்த மரம் எங்கே முளைக்கும் என்பதை அவை மாற்றுகின்றன. மெல்லாமல் விழுங்கிய சிறு விதைகளை வேறிடத்தில் போடுகின்றன. மண்ணைக் கிளறிப் புரண்டு அவை உண்டாக்கும் சேற்றுக் குழிகளில் மழைநீர் தங்குகிறது. பெருவின் கோச்சா காஷூ ஆய்வு நிலையப் பகுதியில் ஹரால்ட் பெக்கும் உடனாய்வாளர்களும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குழிகள் இயற்கையான குட்டைகளைவிட நீரை நன்கு தக்கவைப்பதையும், தவளைகளின் இனப்பெருக்கத்துக்கு உதவுவதையும் காட்டியது.

நெடியால் கட்டிய குடும்பம்

கழுத்துப்பட்டைப் பெக்கரியின் கூட்டத்தில் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து விலங்குகள் இருக்கும். அரிதாக அதற்கு மேலும் போகும். காட்டுப்பன்றியில் வளர்ந்த ஆண் தனியே திரியும். இங்கே ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில சதுர கிலோமீட்டர் அளவில் சொந்த எல்லை உண்டு. அண்டைக் கூட்டத்தோடு விளிம்பில் மட்டும் நிலம் கலக்கும்.

எல்லைக்கு வேலி அந்த முதுகுச் சுரப்பிதான். பாறையிலும் மரத்திலும் அதைத் தேய்த்து அடையாளம் வைக்கின்றன. கூட்டத்துக்குள்ளும் அதற்கு வேலை உண்டு: இரண்டு பெக்கரிகள் எதிரெதிர்த் திசை நோக்கி அருகருகே நின்று, ஒன்று மற்றொன்றின் சுரப்பியில் தலையைத் தேய்த்துக்கொள்ளும். இதனால் கூட்டம் முழுவதற்கும் பொது வாசனை ஒன்று உண்டாகிறது. கண்பார்வை மங்கலான விலங்குக்கு இதுவே அடையாள அட்டை. கூட்டம் புதரில் சிதறி மேயும்போது மெல்லிய உறுமல் தொடர்பைக் காக்கும். ஆபத்து வந்தால் குரைப்பது போன்ற எச்சரிக்கை ஒலி. எதிரி நெருங்கினால் பிடரி மயிர் சிலிர்த்து, கோரைப்பற்களை மோதிக் கடகடவென்று ஒலி எழுப்பும். பூமாவுக்கும் ஜாகுவாருக்கும் இது பிடித்த இரைதான். குட்டிகளைக் கயோட்டியும் தூக்கும்.

கூட்டத்தின் பிணைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2017இல் அரிசோனாவின் பிரஸ்காட் பகுதியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் வீட்டருகே இறந்து கிடந்த பெக்கரிக்கு எதிரே தானியங்கிக் கேமரா ஒன்றை வைத்தான். கூட்டத்தினர் பத்து நாள் அந்த உடலைத் தேடி வந்தன. முகர்ந்தன, மூக்கால் தள்ளி எழுப்பப் பார்த்தன, பக்கத்தில் படுத்து உறங்கின, கயோட்டிகளை விரட்டின. பள்ளி அறிவியல் கண்காட்சியில் அதைப் பார்த்த உயிரியலாளர் மரியானா ஆல்ட்ரிக்டர், அவனையும் சேர்த்து 'எத்தாலஜி' இதழில் கட்டுரை வெளியிட்டார். இதைத் துக்கம் என்று அழைப்பதா என்பதில் எச்சரிக்கை தேவை. ஒரே கூட்டம், ஒரே நிகழ்வு. ஆனால் இறந்த உறுப்பினரைக் கூட்டம் வெறும் பொருளாக நடத்தவில்லை என்பது மறுக்க முடியாத பதிவு.

விரைந்து பெருகும் குளம்பு

கர்ப்பகாலம் சுமார் 145 நாள். வழக்கமாக இரண்டு குட்டிகள். பிரசவத்துக்குத் தாய் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஓரிரு நாளில் குட்டிகளோடு திரும்பிவிடும். செம்பழுப்பு ரோமமும் முதுகில் கருங்கோடும் கொண்ட குட்டிகள் பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கும். பன்றியைப் போலத் தாய் படுத்துப் பால் கொடுப்பதில்லை. நின்றபடியே கொடுக்கும், குட்டிகள் பின்புறமிருந்து குடிக்கும். வேறு தாயின் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் மறந்து, ஏறக்குறைய ஒரு வயதில் பெண் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

இனப்பெருக்கத்துக்குக் குறிப்பிட்ட பருவம் இல்லை. ஆனால் அரிசோனாவில் குட்டிகள் அதிகம் பிறப்பது கோடை மழை இறங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். மழை பொய்த்தால் பிழைக்கும் குட்டிகள் குறையும். நல்ல ஆண்டில் எண்ணிக்கை விரைவாக மீளும். ஒவ்வொரு பிரசவத்திலும் நிறையப் பெறும் பன்றியின் வேகம் இதற்கு இல்லை. ஆனால் ஒரு குட்டியோடு நிற்கும் பல மான்களைவிட இது வேகம். இங்கும் நடுவழியே.

ஓரினமா, பல இனங்களா?

இவ்வளவு வேறுபட்ட நிலங்களில் வாழ்வது உண்மையில் ஒரே இனம்தானா என்ற ஐயம் நியாயமானது. குரோமோசோம் எண்ணிக்கை மூன்று பெக்கரிகளையும் தெளிவாகப் பிரிக்கிறது: கழுத்துப்பட்டைக்கு 30, வெள்ளையுதட்டுக்கு 26, சாக்கோவுக்கு 20. ஆனால் கழுத்துப்பட்டைப் பெக்கரிக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரிய மரபணு ஆய்வுகள் இரண்டு பெரும் கிளைகளைக் காட்டுகின்றன. ஒன்று வட, மத்திய அமெரிக்காவுக்கு உரியது. மற்றது தென் அமெரிக்காவுக்கு உரியது. 2007இல் மார்க் வான் ரூஸ்மாலன், பிரேசிலின் அரிப்புவானா ஆற்றுப் பகுதியிலிருந்து பெரிய பெக்கரி ஒன்றைப் புதிய இனமாக அறிவித்தார்; பின்னர் வந்த மரபணு ஆய்வு அதைக் கழுத்துப்பட்டைப் பெக்கரியின் மாறுபாட்டுக்குள்ளேயே வைத்தது. பேரினப் பெயரும் டயாசு, பெக்கரி, டைகோட்டிலிஸ் என்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. வடக்கும் தெற்கும் வெவ்வேறு இனங்கள் என்று நாளை நிறுவப்பட்டாலும், பாதுகாப்புக் கணக்கைத்தான் அது பெரிதும் மாற்றும். ஒவ்வொரு கிளையும் தனித்தனியே பல வகை நிலங்களில் வாழ்கிறது என்பது மாறாது.

தோல் வணிகம் நடத்திய சோதனை

மெல்லிய, உறுதியான பெக்கரித் தோல் ஐரோப்பாவில் கையுறைக்குப் பெயர் பெற்றது. 1946 முதல் 1966 வரை இக்கிட்டோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கழுத்துப்பட்டைப் பெக்கரித் தோல்கள் ஏற்றுமதியாயின. பிரேசில் பக்கத்து அமேசானில் பழைய வணிகப் பதிவேடுகளைத் திரட்டி, 2016இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வு, 1904 முதல் 1969 வரை குறைந்தது 20 இனங்களைச் சேர்ந்த சுமார் 2.33 கோடி விலங்குகள் தோலுக்காகக் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. அவற்றில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை கழுத்துப்பட்டைப் பெக்கரிகள்.

அந்த ஆய்வின் முக்கிய முடிவு வேறொன்று. ராட்சத நீர்நாய் போன்ற நீர்வாழ் விலங்குகள் சரிந்து வீழ்ந்தன. நிலத்தில் வாழ்ந்தவை பெருமளவு தாக்குப்பிடித்தன. காரணம், விரைந்து பெருகும் திறன் மட்டும் அல்ல. வேட்டைக்காரர்கள் ஆற்று வழியாகவே போனார்கள். ஆறுகளுக்கு இடையே, மனிதர் எட்டாத உட்காடு பரந்து கிடந்தது. அங்கே பெருகியவை கரையோரம் காலியான இடத்தை நிரப்பின. பெருவின் தாம்ஷியாக்கு-தாஹுவாயோ பகுதியில் ரிச்சர்ட் பாட்மரும் உடனாய்வாளர்களும் நெடுங்காலம் செய்த பணியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது: உணவுக்கான வேட்டையைக் கழுத்துப்பட்டைப் பெக்கரி தாங்கும், பக்கத்தில் வேட்டையில்லாக் காடு இருக்கும்வரை.

சட்டங்களும் மெல்ல வந்தன. அரிசோனா 1929இலும் டெக்சஸ் 1939இலும் அதை விதிகளுக்கு உட்பட்ட வேட்டை விலங்காக்கின. பெரு 1973இல் அமேசான் பகுதியில் வணிக வேட்டையைத் தடை செய்தது. கிராமத்தார் உணவுக்காகக் கொன்றவற்றின் தோலை விற்க மட்டும் இடமளித்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், அமெரிக்க, மெக்ஸிகோத் தொகைகள் நீங்கலாக, இவ்விலங்கு இடம்பெற்றிருக்கிறது.

நகரமும் வேலியும்

இன்று அமெரிக்கத் தென்மேற்கில் பெக்கரி நகர விளிம்பு விலங்காகவும் ஆகிவிட்டது. டூசானின் புறநகர்த் தோட்டங்களில் பூங்கிழங்குகளைத் தோண்டும். குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்கும். 2023 இலையுதிர்காலத்தில் செடோனாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்தரையை அவை உழுதுபோட்ட காட்சி உலகம் முழுவதும் பரவியது. நீர் பாய்ச்சிய மண்ணில் இருந்த புழுக்களே இலக்கு. தீனி வைத்துப் பழக்கும் வீடுகளில்தான் கடி, நாயோடு சண்டை போன்ற சிக்கல்கள் அதிகம். ஊருக்குள் வருவது பெக்கரிக்கும் நல்லதல்ல. 1989இல் தென் அரிசோனாவில் நாய்களின் டிஸ்டெம்பர் நோய் பெக்கரிகளைக் கொன்ற பதிவு உண்டு.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் கழுத்துப்பட்டைப் பெக்கரி 'குறைந்த கவலை' வகை. வெள்ளையுதட்டுப் பெக்கரி 'பாதிக்கப்படக்கூடியது'. சாக்கோ பெக்கரி 'அருகிவரும் இனம்'. ஒப்பிட்டால் நம் விலங்கு பாதுகாப்பானதுதான். ஆனால் அந்த முத்திரை இரு கண்டங்களின் சராசரி. அர்ஜென்டினாவின் கொரியந்தஸ் மாகாணத்தில் அது அடியோடு மறைந்து, 2015 முதல் இபேரா ஈரநிலத்தில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. வறண்ட சாக்கோவில் மேய்ச்சல் நிலமும் சோயா வயல்களும் காட்டைத் துண்டாக்குகின்றன. அமெரிக்க-மெக்ஸிகோ எல்லையில் எழுப்பிய இரும்புத் தூண் வேலியின் இடைவெளி சுமார் பத்து சென்டிமீட்டர். பெக்கரி நுழைய அது போதாது.

முதலில் சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது. பாதி வழி வயிறு, சிறு கூட்டம், சுமாரான இனப்பெருக்க வேகம் ஆகியவை இந்த விலங்கை எந்த நிலத்திலும் ஒட்டிக்கொள்ளச் செய்தன. ஆனால் ஓரிடத்தில் குறைந்தால் பக்கத்து நிலத்திலிருந்து வந்து நிரம்புவதால்தான் அது நூறாண்டு வேட்டையையும் வறட்சியையும் தாங்கியது. தாக்குப்பிடிக்கும் திறனில் பாதி அதன் உடலில் இருக்கிறது. மறுபாதி நிலத்தின் தொடர்ச்சியில் இருக்கிறது. ஆகவே கழுத்துப்பட்டைப் பெக்கரியின் எதிர்காலத்தை அளக்க, கண்டம் தழுவிய ஒற்றை எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் வேட்டையில்லாக் காடு எவ்வளவு எஞ்சியிருக்கிறது, அதிலிருந்து அடுத்த காட்டுக்கு வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வரும் இடங்களில், 'குறைந்த கவலை' என்ற முத்திரையை நம்பிக் காத்திருப்பது தவறு.